முத்தம்மாள் சத்திரமும் புது ஆறும் - ஒரத்தநாட்டின் கதை

கல்லூரியில் சேர்ந்த புதிதில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் ஒரத்தநாடு என்பேன். "அது எங்கப்பா இருக்கு?" என்பது அடுத்த கேள்வி. தஞ்சாவூர் பக்கம் என்றதும், "ஓ, பெரிய கோயில்!" என்று முகம் மலரும். பெரிய கோயிலுக்கும் எங்களுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் ஏறியவர்கள் எங்கள் ஊரை நிச்சயம் கடந்திருப்பார்கள். பெரும்பாலும் தூங்கிக்கொண்டு :-)

எல்லோரும் தம் ஊர் வரலாறு என்று எழுதும்போது கோயிலில்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படி ஆரம்பிக்கலாம். ஒரத்தநாடு வட்டத்தில் பரிதியப்பர் கோயில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய திருப்பரிதிநியமம் அதுதான். சூரியன் வழிபட்ட தலம் என்பார்கள். சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. ஆக இந்த வட்டாரத்தில் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஆள் நடமாட்டமும் கோயிலும் இருந்தது உறுதி. ஆனால் ஒரத்தநாடு என்ற ஊர் இன்றைக்கு இருக்கிற மாதிரி ஆனதற்குக் காரணம் கோயில் அல்ல. ஒரு சோற்று வீடும் ஒரு வெட்டாறும்தான். அந்த இரண்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். எங்கள் பக்கத்தில் நாடு என்று முடிகிற பெயர்கள் நிறைய. பாப்பாநாடு, தென்னமநாடு, காசவளநாடு. இங்கே நாடு என்றால் தேசம் இல்லை. சோழர் காலத்திலிருந்தே சில ஊர்கள் சேர்ந்த தொகுதிக்கு நாடு என்று பெயர். பிற்காலத்தில் கள்ளர் சமூகத்தினர் அதிகம் வாழும் இந்தப் பகுதியில் அந்த அமைப்பு ஊர்ப் பஞ்சாயத்து, கோயில் மரியாதை, திருவிழாப் பங்கு என்று வேறு வடிவத்தில் நிலைத்துவிட்டது. நாட்டார் கூடிப் பேசினார்கள் என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்கலாம். பாப்பாநாட்டில் ஜமீன்கூட இருந்தது. ஊர்ப் பெயரைச் சிலர் உரத்தநாடு என்றும் எழுதுவார்கள்.

இதைத் தவிர ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. பழைய ஆவணங்களில் முக்தாம்பாள்புரம் என்றும், மக்கள் வாயில் முத்தம்மாள் சத்திரம் என்றும் வரும். எங்கள் அப்பாயிக்குக் கடைசி வரை ஊரில் உள்ள பள்ளிக்கூடம் 'சத்திரம்'தான். "சத்திரத்துக்குப் போயிட்டு வந்துட்டியா?" என்றுதான் கேட்பார். நான் ரொம்ப நாள் வரை அதை ஏதோ வயசானவர்கள் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

யார் இந்த முக்தாம்பாள்? தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் அன்புக்குரிய பெண். பட்டத்து ராணி அல்ல. சாகும் தறுவாயில் தன் பெயரில் ஒரு அன்னசத்திரம் கட்டவேண்டும் என்று மன்னரிடம் கேட்டுக்கொண்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். 1800களின் தொடக்கத்தில், 1802 வாக்கில், சத்திரம் எழுந்தது. ராணிகளுக்கு அரண்மனை கிடைத்தது, இந்தப் பெண்ணுக்கு ஒரு ஊரே பெயரானது.

இந்த இடத்தில் கொஞ்சம் அரசியல் தெரிந்தால்தான் விஷயம் புரியும். சரபோஜி 1777-இல் பிறந்தவர். துளஜா மன்னர் அவரைத் தத்து எடுத்தார். துளஜா இறந்ததும் பட்டம் அமர்சிங்குக்குப் போய்விட்டது. சிறுவன் சரபோஜியை ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் காப்பாற்றிப் படிக்க வைத்தார். 1798-இல் ஒருவழியாகச் சிம்மாசனம் கிடைத்தது. மறு வருஷமே, 1799-இல், கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு உடன்படிக்கையை நீட்டியது. நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு. மன்னருக்கு வருஷம் ஒரு லட்சம் பகோடாவும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். கோட்டையும் அரண்மனையும் மட்டும் மிச்சம்.

ராஜா என்ற பெயர் உண்டு, ராஜ்யம் இல்லை. இருபத்திரண்டு வயது. நம்மைவிட ஓரிரண்டு வயசுதான் அதிகம்!

அப்படிப்பட்டவர் எதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வரி வசூலையும் விட்டுக்கொடுத்தார், நீதிமன்றத்தையும் விட்டுக்கொடுத்தார். சத்திரங்களை மட்டும் விடவில்லை. 1801-இல் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் இந்தப் பகுதியின் வரலாற்றில் முக்கியமான ஆவணம். என் முன்னோர்கள் ராமேஸ்வரம் போகும் சாலையில் கட்டிய சத்திரங்களும் அவற்றுக்கு விட்ட நிலங்களும் என் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். இந்தத் தர்மத்தால்தான் தஞ்சாவூருக்கே பேர் என்கிறார்.

கேட்பதோடு நிற்காமல் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகிகள், ஜங்கமர்கள், பக்கிரிகள் என்று வருகிற யாத்திரிகர் அத்தனை பேருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமானும். நடு ராத்திரி வரை இது நடக்கும். அப்புறம் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று கூவிக் கூப்பிடுவார்கள். நோயாளிகளுக்கு வைத்தியர் உண்டு, பாம்புக்கடிக்குத் தனியாக. கர்ப்பிணிகளைக் கவனிக்க ஏற்பாடு உண்டு, கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. வழியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் சத்திரத்து வாத்தியார் பொறுப்பில் வளர்வார்கள். மூன்று வேளை சாப்பாடு, நாலு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். விரும்பிய கல்வியைப் படிக்கலாம், படித்து முடித்தால் கல்யாணச் செலவும் சத்திரத்தினுடையது. யாத்திரிகர் யாராவது இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிக் காரியம்.

எண்ணெய்க் குளியல் வரை ஒரு ராஜா கடிதத்தில் எழுதியிருக்கிறார் பாருங்கள். இப்போதைய விடுதிகளில் என்ன நிலைமை என்று நான் எதுவும் சொல்லமாட்டேன் :-)

அந்த மணியை மட்டும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கால்நடையாகப் போகிற ஜனங்கள். தஞ்சாவூரை விட்டுத் தெற்கே திரும்பினால் காவிரிப் பசுமை முடிந்து செம்மண் மேட்டு நிலம் தொடங்கிவிடும். பட்டுக்கோட்டை, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று கடலோரமாகப் போகிற பாதை. அந்தப் பாதையில் இருட்டியபின் வந்து சேர்கிற ஒருவனுக்கு அந்த மணிச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்!

அந்தக் கடிதம் சொல்வது ஏற்கெனவே இருந்த சத்திரங்களைப் பற்றி. ஒரத்தநாட்டுச் சத்திரம் அந்தக் காலத்திலேயே அதே முறையில் எழுந்தது. கூடுதலாக, இங்கே பள்ளிக்கூடம் பெரிய அளவில் அமைந்தது. சரபோஜிக்குப் படிப்பு என்றால் பைத்தியம். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் அவர். அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்துப் பிள்ளைகளுக்காக ஈசாப்பு கதைகளை மராட்டியில் அச்சிட்டார். அந்தப் புத்தகத்தின் பெயர் பாலபோத முக்தாவளி. முக்தாவளி என்றால் முத்து மாலை. பெயரில் முக்தா இருப்பது தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்கு அப்படி நினைக்க மனசு வரவில்லை.

இந்தச் சத்திரங்களின் வரவுசெலவெல்லாம் மோடி என்ற எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மராட்டியை வேகமாகக் கிறுக்கும் எழுத்து அது. எத்தனை படி அரிசி, எவ்வளவு நெய், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று மூட்டை மூட்டையாகக் கணக்கு இருந்திருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. இங்கிலாந்தில் சின்னச் சின்னக் கிராமங்களின் வரலாற்றைக்கூட மாதா கோயில் பதிவேட்டை வைத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். யார் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், யார் செத்தார் என்பதெல்லாம் நானூறு வருஷத்துக்கு அதில் இருக்கும். நமக்கு அந்த மாதிரிப் பதிவேடு கிடையாது. ஆனால் யாருக்குச் சோறு போட்டோம் என்ற கணக்கு இருக்கிறது. அதுவும் ஒரு வரலாறுதான்.

1832-இல் சரபோஜி காலமானார். மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் மிச்சமிருந்த ராஜா பட்டத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அப்புறம் சத்திரங்கள் கை மாறி ஜில்லா போர்டிடம் போய்ச் சேர்ந்தன. ரயிலும் வந்துவிட்டது. ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் குறைந்தார்கள். சத்திரத்து வருமானத்தில் பள்ளிகள், ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் மாணவர் விடுதிகள், திருவையாற்றில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி என்று பணம் படிப்புப் பக்கம் திரும்பியது. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். இங்கேதான் கதை வேறு மாதிரிப் போகிறது.

1801-இல் எல்லோருக்கும் சோறு என்று எழுதினாரே சரபோஜி, 1920களுக்கு வரும்போது அந்தப் பணத்தில் நடந்த விடுதிகளில் பிராமண மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்ற நிலை. விடுதி இருக்கிற ஊர் ஒரத்தநாடு. சத்திரத்து நிலங்களில் உழுது குத்தகை நெல் அளக்கிறவர்கள் சுற்றுப்பட்டு விவசாயிகள். அந்த நெல்லில் வடிக்கிற சோற்றுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உட்கார முடியாது. யாரோ ஒருவர் ஒரே நாளில் உத்தரவு போட்டு இப்படி ஆனதாகத் தெரியவில்லை. சத்திரம் யாத்திரிகர்களுக்கு என்று இருந்தபோது வருகிறவன் யார் என்று கேட்க வழியில்லை. விடுதி என்று ஆனதும் யாரைச் சேர்ப்பது என்று ஒருவர் தேர்ந்தெடுக்கவேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தங்களவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். என் புரிதல் இது.

பழைய சத்திரமும் அப்படியொன்றும் சமத்துவபுரம் அல்ல, அதையும் சொல்லிவிடவேண்டும். சமைத்த சோறு யாருக்கு, பச்சரிசி யாருக்கு என்ற பேதம் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பசியோடு வந்தவனைத் திருப்பி அனுப்பியதில்லை.

இதை மாற்றியவர் ஏ.டி.பன்னீர்செல்வம். நீதிக்கட்சித் தலைவர், தஞ்சாவூர் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தவர். அவர் காலத்தில்தான் ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகள் மற்ற சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்தன. திருவையாற்றுச் சமஸ்கிருதக் கல்லூரியில் தமிழும் நுழைந்து, அது அரசர் கல்லூரி என்று ஆனது. அந்த வேலையில் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனாரும் அவருக்குத் துணை. அரசர் கல்லூரியில் புலவர் படிப்பு படித்துத் தமிழாசிரியர் ஆனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! பன்னீர்செல்வம் 1940 மார்ச் 1-ஆம் தேதி லண்டனுக்குப் போகும் வழியில் ஹனிபல் விமானத்தோடு ஓமன் கடலில் மறைந்தார். பேருக்கு ஒரு கல்லறைகூட இல்லை. ஒரத்தநாட்டில் படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் பெயர் இன்று தெரியாது. எங்கள் வீட்டிலும் நான் சொல்லித்தான் தெரியும்.

சத்திரம் ஆயிற்று, இனி ஆறு.

டெல்டா என்றதும் எல்லோர் மனசிலும் ஆயிரம் ஆண்டு நெல்வயல்தான் வரும். எங்கள் பகுதிக்கு அது பொருந்தாது. கரிகாலன் கல்லணை கட்டினான், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு ஏறவில்லை. வானம் பார்த்த செம்மண் பூமி. ஏரி நிறைந்தால் நெல், இல்லையென்றால் வரகும் கேழ்வரகும் கடலையும். பத்து மைல் வடக்கே முப்போகம், இங்கே ஏரிக்கரையில் மழைக்குக் காத்திருப்பு. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து இங்கே பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1934-இல் மேட்டூர் அணை திறந்தது. அதே திட்டத்தில் கல்லணையிலிருந்து ஒரு புதுக் கால்வாய் வெட்டினார்கள். அரசாங்கப் பெயர் கல்லணைக் கால்வாய், மக்கள் வைத்த பெயர் புது ஆறு. தொண்ணூறு வயசு ஆகியும் அது இன்னும் 'புது' ஆறுதான்! தஞ்சாவூர் நகரத்தை ஒட்டி வந்து, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் பாய்ந்து, புதுக்கோட்டை மாவட்டத்தில் முடிகிறது. நீளம் ஏறக்குறைய 148 கிலோமீட்டர், பாசனம் சுமார் 2.27 லட்சம் ஏக்கர். கல்யாண ஓடை, ராஜாமடம் வாய்க்கால் என்று கிளைகள். போகிற வழியில் பழைய ஏரிகளையும் நிரப்பிக்கொண்டு போகிறது. இயற்கையான ஆறு பள்ளத்தில் ஓடும், இது மேட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அதனால்தான் சில இடங்களில் கரை மேலே நின்றால் வயல் எல்லாம் நம் காலடிக்குக் கீழே தெரியும்.

வரகு விளைந்த கொல்லை நெல் வயலானது. பிறகு பம்புசெட், கரும்பு, தென்னை. அந்தத் தென்னைகளில் எத்தனையோ 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அதை எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

ஆடிப்பெருக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆடி பதினெட்டு அன்று புது ஆற்றங்கரையில் பெண்கள் கூடுவார்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, பழம், காப்பரிசி எல்லாம் வைத்துப் படைப்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். சின்னப் பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு இது காலம் காலமாக இங்கே நடப்பது போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1934-க்கு முன்பு இந்த இடத்தில் ஆறே கிடையாது. ஆற்றங்கரைச் சடங்குக்கு இங்கே ஒரு நூற்றாண்டு வயதுகூட இல்லை. ஆறு வந்ததும் காவிரிக்கரையின் சடங்கு ஆற்றோடு கூடவே இறங்கி வந்துவிட்டது. வெள்ளைக்கார இன்ஜினியர் எல்லிஸ் மேட்டூர்த் திட்டம் போட்டபோது காவிரித் தாயாருக்கு இங்கே புதுசாக ஒரு பிறந்தவீடு அமைத்துக் கொடுக்கிறோம் என்று நினைத்திருப்பாரா?

எங்கள் பக்கத்து வழக்கங்களில் வெளியூர் நண்பர்கள் நம்ப மறுப்பது இன்னொன்று உண்டு. காசவளநாடு புதூரில் இந்துக்கள் மொகரம் கொண்டாடுகிறார்கள். உள்ளங்கை வடிவில் ஒரு சின்னம், அதற்கு அல்லா சாமி என்று பெயர். குளம் வெட்டும்போது கிடைத்ததாகச் சொல்வார்கள். பத்து நாள் விரதம் மாதிரி இருந்து, வீடு வீடாக சாமி வரும்போது பானகம் வைத்து, காணிக்கை கொடுத்து, கடைசியில் தீ மிதிப்பார்கள். முந்நூறு வருஷமாக நடக்கிறது என்பது ஊரார் சொல்லும் கணக்கு. பக்கிரிகளுக்குச் சோறு போட்ட சாலை பக்கத்திலேயே இருந்த பகுதி என்பதை நினைத்தால் எனக்கு இது அவ்வளவு ஆச்சரியமாக இல்லை.

சத்திரத்துக் கட்டடம் இன்னும் இருக்கிறது. கல் அடித்தளத்தில் யானையும் குதிரையும் செதுக்கியிருப்பார்கள், தேரை இழுத்துப் போவது போல. உள்ளே மரத்தூண்கள், முற்றம். ஆனால் பராமரிப்பு இல்லாமல் சுவரில் செடி முளைத்து, மரம் உளுத்துப்போய்க் கிடந்த காலம் நீண்டது. பெரிய கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் இங்கே வந்தால்கூடப் போதும், யாராவது கவனிப்பார்கள். நம் ஊர்க்காரர்களே அதன் நிழலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போய்விடுகிறோம். பஸ் ஸ்டாண்டு, கால்நடை மருத்துவக் கல்லூரி, பெண்கள் கல்லூரி என்று ஊர் வேறு திசையில் வளர்ந்துவிட்டது.

கட்டடத்தைவிட நிர்வாகம் கெட்டி. தஞ்சாவூரில் வருவாய்த் துறையின் கீழ் சத்திரம் நிர்வாகம் என்று ஒரு தனிப் பிரிவு உண்டு, அதற்கென்று தனி வட்டாட்சியர். ராஜாவும் போய், கம்பெனியும் போய், ஜில்லா போர்டும் போய்விட்டது. சத்திரத்து நிலங்களுக்குக் குத்தகை மட்டும் அந்த அலுவலகத்தில் இன்னும் கணக்கு எழுதப்படுகிறது. முக்தாம்பாள் கேட்டுக்கொண்ட சோற்றுக்கு விட்ட நிலம் அது.